பெயர் நெய்த பாய்

நெல்லைச் சீமையில் புதியவர் ஒருவரைக் கண்டால், பெரியோர் அவருடைய பெயரைக் கேட்பதோடு அமைவதில்லை. “எந்த ஊர்? யாருடைய மகன்?” என்றும் வினவுவர். ஒருவரை அவருடைய உறவுகளின் வழியே அறிந்துகொள்ளும் பழக்கம் அது. இன்று நாம் மற்றோர் அளவுகோலையும் கைக்கொண்டுள்ளோம். கைப்பேசியையும் வண்டியையும் காலணியையும் கொண்டு பிறரை மதிப்பிடுகிறோம். அவற்றைக் கொண்டே நம்மையும் மதிப்பிட்டுக்கொள்கிறோம். உறவு, உடைமை ஆகிய இரண்டனுள் நம்மை உருவாக்குவது எது?

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் இவ்வினாவுக்கு விடை தேடலாம். 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கு அகழாய்வு செய்தார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ நிகழ்த்திய ஆய்வில் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. 2004இல் தொடங்கிய ஆய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. அங்குப் புதைக்கப்பட்டோரின் பெயர்களை நாம் அறியோம். உடன் கிடைத்த பொருள்களைக் கொண்டே அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். ஆயினும், இறந்தவர் எவரும் தமக்குரிய பொருளைத் தாமே தாழியில் வைத்துக்கொண்டிருக்க இயலாது. அன்பினாலோ கடமையினாலோ உயிரோடிருந்த பிறரே அவற்றை வைத்தனர். அப்பொருள்கள் இறந்தவரின் உடைமையை மட்டுமன்றி, அவரைத் தம்மவராகக் கருதிய மனிதர்களையும் நமக்குக் காட்டுகின்றன.

அதே ஆற்றுவெளியில் உள்ள பத்தமடையில் கோரைப்புல்லைக் கொண்டு மென்மையான பாய்களை நெய்கின்றனர். திருமணத்திற்கென நெய்யப்படும் பாயில் மணமக்களின் பெயர்களும் இடம்பெறும். பெயரில்லாத பாயை யாருக்கும் விற்கலாம். பெயர் நெய்த பாயை வேறெவரும் விரும்பி வாங்கமாட்டார். சந்தையில் அதன் விலை குறைகிறது. அவ்விருவரின் இல்லத்திலோ அதன் மதிப்பு உயர்கிறது. பொருளுக்கு அந்த மதிப்பைத் தந்தது உறவேயாகும்.

இதனால் உடைமை வேண்டாத ஒன்று எனக் கருதிவிடலாகாது. 2023 டிசம்பர் மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் வீட்டை இழந்தவரிடம், “போனது பொருள்தானே” என்று கூறுவது ஆறுதலாகாது. பள்ளிச் சான்றிதழும் மறைந்த தாயின் ஒளிப்படமும் நீரோடு போகும்போது, அவர் தம் வாழ்வின் ஒரு பகுதியையே இழக்கிறார். மானத்தோடு வாழ்வதற்கு ஓரளவு உடைமை எல்லார்க்கும் வேண்டும்.

உறவு இருக்கவேண்டிய இடத்தில் பொருளை வைக்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. ஊரார் மெச்சவேண்டும் என்பதற்காகக் கடன்பட்டுச் சீர்வரிசை செய்யும் குடும்பம், மகளின் மகிழ்ச்சியை எண்ண மறந்துவிடுகிறது. பழைய கைப்பேசி வைத்திருப்பதால் நண்பனை விட்டு விலகும் மாணவன், அவனை மட்டும் தாழ்த்தவில்லை. விலைக்குக் கிடைக்கும் ஒரு பொருளளவுக்குத் தன்னையும் சுருக்கிக்கொள்கிறான். அதைவிடப் புதிய கைப்பேசி ஒன்று நாளை வரும்போது அவனுடைய பெருமையும் பழையதாகிவிடும்.

ஆகவே, நம்மிடம் உள்ள பொருளின் விலையை எண்ணிப் பார்ப்பதைவிட, அதனை நமக்குத் தந்தவர் யார், அதனை நாம் யாரோடு பகிர்ந்துகொள்கிறோம் என எண்ணிப் பார்ப்பதே தகும். அவ்வாறு எண்ணும்போது நினைவுக்கு வரும் மனிதர்களைக் கொண்டே நாம் யார் என்பதை அறியலாம்.