வாளியோடு நின்றவர்களுக்கு என்ன தெரியும்?

எண்ணூர் பக்கம் ஓர் ஆலை விரிவாக்கத்தையோ துறைமுகத்தையோ ஊர் எதிர்த்தால் உடனே ஒரு பல்லவி கிளம்பும். சுற்றுச்சூழல் என்பது நிபுணர்கள் பார்க்க வேண்டிய விஷயம், மீனவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் அதில் என்ன தெரியும்? யாரோ தூண்டிவிடுகிறார்கள். சோறு போட்ட ஆலைகளையே விரட்டப் பார்க்கிறார்கள். இத்தனை வருஷம் கத்தி என்னத்தைக் கண்டார்கள்? எப்படியும் அது கெட்டுப்போன இடம்தானே. திருவொற்றியூர் டீக்கடை பெஞ்சிலும் இதைக் கேட்கலாம், ஏசி அறையில் நடக்கும் டிவி விவாதத்திலும் கேட்கலாம். இதில் ஒரு கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. மற்றவை இங்கே நடந்தவற்றோடு ஒட்டவே இல்லை.

நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சூழலுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை என்று துறைமுகத் தரப்பு அன்றே அறிவித்தது. எர்ணாவூர் கரையில் வேறு காட்சி. அலைதடுப்புக் கற்களின் இடுக்கில் எண்ணெய் தார்க்குழம்பாகத் திரண்டு நின்றது. செத்த பங்குனி ஆமைகள் ஒதுங்கின. உறிஞ்சி எடுக்கக் கொண்டுவந்த இயந்திரங்கள் அந்தக் குழம்பின் முன் திணறிப்போக, கடைசியில் கைகொடுத்தது பிளாஸ்டிக் வாளி. கடலோரக் காவல் படையினர், தீயணைப்பு வீரர்கள், மாநகராட்சித் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், மீனவர்கள் என்று வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். முதலில் சொன்ன கணக்கைவிடக் கொட்டியது பல மடங்கு அதிகம் என்பது அள்ள அள்ளத்தான் தெரிந்தது.

ஏறத்தாழ ஏழு வருஷம் கழித்து அதே கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சேர்ந்து மணலி பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் அங்கிருந்து முகத்துவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. கரையோர வீடுகளின் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது சென்னை பெட்ரோலியம் நிறுவனம். எண்ணெய் அந்த ஆலையிலிருந்துதான் வெள்ளநீரோடு வெளியேறியது என்று பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இடைப்பட்ட நாட்களில் காட்டுக்குப்பத்து, முகத்துவாரக்குப்பத்து மீனவர்கள் ஃபைபர் படகில் போய் மக்காலும் வாளியாலும் எண்ணெயை வழித்துப் பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களிடம்தான் வேலை மட்டும் ஒப்படைக்கப்பட்டது.

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் நடப்பதற்கு 2013-ல் தண்டையார்பேட்டை சாட்சி. நிலத்தடியில் போகும் பெட்ரோலியக் குழாய் கசிந்ததை அங்கே முதலில் கண்டது போர்வெல் தண்ணீரில் எரிபொருள் வாடை அடித்த வீட்டுக்காரர்கள். திருவொற்றியூரில் கேஸ் வாடை பற்றிய புகார் பல ஆண்டுக் கதை. 2024 அக்டோபர் 25 அன்று இங்கே ஒரு தனியார் பள்ளியில் மூச்சுத் திணறி மாணவர்கள் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போகப்பட்டபோதுதான் அந்த வாடை மாநிலச் செய்தியானது.

ஆவணம், வரைபடம் என்று வந்தால் மக்கள் பின்தங்கிவிடுவார்கள் என்பதும் சரியல்ல. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் ஏறத்தாழ 6,500 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதியாக இருந்தது. பிறகு புழக்கத்துக்கு வந்த இன்னொரு அரசு வரைபடத்தில் அந்தக் கழியே இல்லை. ஆறு இருக்கும் இடத்தில் ஆறு இல்லை! தினமும் அதில் படகு விடுகிறவரிடம் காட்டியிருந்தால் சிரித்திருப்பார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு இரண்டு வரைபடங்களையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 2017-ல் அம்பலப்படுத்தியவர்கள் எண்ணூர்க் கழியைக் காக்கப் போராடியவர்கள். வரைபடம் போட்ட அலுவலகத்திலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை.

கழியில் இப்போது மண்டிக்கிடக்கும் காக்கா ஆழியைப் பாருங்கள். தென்னமெரிக்கப் பக்கத்துச் சிப்பியினம், கப்பல்களோடு வந்திருக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்கு அந்தப் பெயரை வைத்ததே மீனவர்கள்தான். அது பாய்போலப் படர்ந்து அடிமண்ணை மூடுவதால் மஞ்ச மட்டி அற்றுப்போகிறது, இறால் பதுங்க இடமில்லை என்று முதலில் புலம்பியதும் அவர்கள்தான். இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவருக்கு அடிமண் மாறியது மாதிரிச் சோதனைக்கு முன்பே விரலில் பட்டுவிடும்.

அதற்காக நிபுணர்களே வேண்டாம் என்கிறேனா? இல்லை. தண்ணீரில் எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்த இடத்துத் தண்ணீரை, எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே இருப்பவர்.

அடுத்தது, தூண்டிவிடுகிறார்கள் என்ற பேச்சு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து கொரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பத்துக் குடும்பங்கள் கண் எரிச்சலோடும் மூச்சு முட்டலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள். எச்சரிக்கைச் சங்கு எதுவும் கேட்கவில்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். ஆலை வாசல் அருகே காற்றில் அமோனியா ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. அதன்பின் ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்ததற்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து தூண்ட வேண்டுமா?

வெளியாட்கள் வந்ததும் உண்மைதான். 2017 தொடக்கத்தில் டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கமல்ஹாசன் முகத்துவாரத்தில் வந்து நின்றார், கேமராக்கள் பின்னால் வந்தன. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் கலப்பதை எதிர்த்துக் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் பசுமைத் தீர்ப்பாயத்தில் போட்ட வழக்கு 2016-ஐச் சேர்ந்தது. பாட்டுக்கும் கேமராவுக்கும் முந்தியது அந்த மனு. துறைமுகத்துக்கு முதலீட்டாளர் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அவரை வெளியாள் என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

ஆலைதானே சோறு போட்டது என்பார்கள். போட்டது, மறுக்கவில்லை. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரில் ஒரு ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது. என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று தலைமுறைகள் இங்கே சங்கம் வைத்துச் சம்பளம் வாங்கி வீடு கட்டின. இந்த ஆலைகளை மூடு என்று எந்தக் குப்பத்துக்காரரும் கொடி பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சண்டையெல்லாம் சாம்பல், நிலக்கரி, எண்ணெய், கழியை மூடிக் கட்டுவது ஆகியவற்றோடுதான். இவற்றையும் அவற்றையும் 'தொழில் வளர்ச்சி' என்று ஒரே மூட்டையில் கட்டுவது வசதியான தந்திரம்.

மீன்பிடியும் வேலைதான் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2023 எண்ணெய்க் கசிவுக்கு மாநில அரசு அறிவித்த நிவாரணப் பட்டியலைப் பார்த்தாலே எத்தனை பேர் கழியை நம்பியிருக்கிறார்கள் என்று தெரியும்: 2,301 மீனவக் குடும்பங்கள், 787 படகுகள். குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000. எண்ணெய் பட்ட வலை குப்பைக்குத்தான் போகும். எண்ணூர் மீன் என்றாலே வாங்க ஆள் தயங்கிய வாரங்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

இனி நான் பாதி ஒப்புக்கொள்ளும் கேள்வி: போராடி என்ன கண்டீர்கள்? ராயபுரத்தில் வீட்டுத் திண்ணை, துவைத்துக் காயப்போட்ட துணி, சமையல் பாத்திரம் எல்லாவற்றிலும் நிலக்கரித் தூசி படிந்த காலம் உண்டு. குடியிருப்போர் நீதிமன்றம் போனார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று 2011 மே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அந்த அக்டோபரில் நின்றும் போனது. பெரிய வெற்றி. ஆனால் நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. ராயபுரம் துடைத்த தூசியை வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இன்னொருவர் துடைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பேட்டையும் தன் தெருவுக்கு மட்டும் வழக்காடினால் முடிவு இப்படித்தான் இருக்கும். இது போராட்டக்காரர்கள் மேல் வைக்க வேண்டிய நியாயமான குறை. ராயபுரத்தில் அன்று கொண்டாடியவர்களில் எத்தனை பேர் எண்ணூரை நினைத்தார்கள்?

அதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்றாகாது. சாம்பல் வழக்கில் 2022 ஜூலையில் தீர்ப்பாயம் மின்வாரியத்தின் விதிமீறலைச் சுட்டிக்காட்டி, கெடுத்தவரே செலவு செய்து சீர்படுத்த வேண்டும் என்றது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிப்போனது, 2023 செப்டம்பரிலும் தள்ளிப்போனது. பழவேற்காட்டுக்காரரும் எண்ணூர்க்காரரும் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். 2011-ல் இல்லாமல்போனது அதுதான்.

மக்கள் குறுக்கிடுவதால்தான் தாமதம் என்பவர்கள் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து கந்தக டை ஆக்சைடு எவ்வளவு வெளியேறலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வரம்பு போட்டது. கெடு இரண்டே வருஷம். அந்தக் கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. நீட்டிக்கச் சொல்லி எந்தக் குப்பத்திலிருந்தும் மனு போகவில்லை.

கெட்டுப்போன இடம்தானே என்ற கடைசி வாதத்துக்கு இரண்டு எண்கள் போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் மணலிக்குக் கொடுத்த மாசுக் குறியீடு 76.32. எழுபதைத் தாண்டினாலே மிக மோசமான பகுதி. 2018-ல் அது 84.15. அதாவது, கெட்டது என்று முத்திரை குத்திய பிறகும் மேலும் கெட இடம் இருந்திருக்கிறது. பூண்டி நிறைந்தாலும் சோழவரம், செங்குன்றம் நிறைந்தாலும் உபரிநீர் கொசஸ்தலையில் இறங்கி எண்ணூர் வழியாகத்தான் கடல் சேர வேண்டும். கழியைச் சாம்பலாலும் கட்டடத்தாலும் குறுக்கினால் தண்ணீர் பின்னால் ஏறி மணலி புதுநகரிலும் எர்ணாவூரிலும் நிற்கும். 2023-ல் எண்ணெயோடு நின்றது.

இவ்வளவும் சொன்ன பிறகும், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சனங்கள் கத்துவார்கள், வேறென்ன என்று சிலர் சிரிப்பார்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அந்தக் கூட்டத்தைக் கத்துவதற்காக வைக்கவில்லை. முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதை இருபதாகக் குறைக்கப் பார்த்தது 2020 வரைவு. திட்டச் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். முழு அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் பல நூறு பக்க ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஆள் தேவைப்படுகிறது. பள்ளிக்கூட ஆசிரியர், வக்கீல், கல்லூரியில் படிக்கும் மீனவர் வீட்டுப் பெண் என்று அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கும் ஊரில் கூட்டத்தின் கேள்விகளே வேறு மாதிரி வரும்.

இன்னும் பலருக்குத் தெரியாத ஒரு விதி அதே அறிவிக்கையில் உண்டு. யார் என்ன சொன்னார் என்பதன் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, வட்டார மொழியில் விளக்க வேண்டும். அதன் பிறகே அதில் ஆட்சியர் தரப்பின் கையெழுத்து. திட்டம் டெல்லிக்கோ மாநில ஆணையத்துக்கோ போகும்போது கூட்டத்தின் வீடியோப் பதிவோடு கூடப் போவது அந்தத் தாள்தான். பேசி முடித்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடாமல், வாசித்துக் காட்டுங்கள் என்று உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு இருக்கும் கவலை.