மூட்டு வீங்கினால் குலத்தைப் பழிப்பதா?

நம் இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பெண் பார்க்கப் போகுமுன், "அந்த வீட்டில் யாருக்கேனும் கைகால் முடக்கம் உண்டா?" என்று அண்டை வீட்டில் விசாரிப்பார்கள். தந்தைக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தால், மகளுக்கு வந்த சம்பந்தம் திரும்பிப் போய்விடும். பத்துப் பொருத்தம் பார்ப்போர் பதினோராவதாக இதையும் சேர்த்துக்கொண்டார்கள் போலும்! படித்தவர் வீட்டிலும் இதே கதைதான். இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

மரபுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. சீதபேதி வந்து நின்று ஒன்று முதல் நான்கு வாரத்திற்குள் சிலருக்கு முழங்காலும் கணுக்காலும் வீங்கும்; கண் சிவக்கும்; சிறுநீர் எரியும். ஷிகெல்லா, சால்மோனெல்லா முதலிய கிருமிகள் குடலில் தொடங்கி வைத்த வினை இது. ஆயினும் மூட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தால் கிருமி முளைப்பதில்லை. உடலின் எதிர்ப்பு ஆற்றலே தடம் மாறி மூட்டைத் தாக்குகிறது. எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறு இந்நோயாளிகளிடம் மிகுந்திருப்பதை 1973இல் கண்டறிந்தனர். பெற்றோரில் ஒருவரிடம் அதன் ஒரு படி இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இனிக் கணக்கைப் பாருங்கள். 1962இல் ஓர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஷிகெல்லா பரவிச் சுமார் 600 மாலுமிகள் சீதபேதியில் வீழ்ந்தனர். மூட்டு நோய் கண்டவரோ பத்துப் பேர் அளவுக்குத்தான். பின்னாளில் அவர்களுள் ஐவரைத் தேடிச் சோதித்தபோது நால்வரிடம் பி27 இருந்தது. வெள்ளையரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் இக்கூறு உடையவர்கள். அப்படியானால் அந்த 600 பேரில் நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் அது இருந்திருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் தப்பிவிட்டார்களே! கெட்ட உணவும் நீரும் வயிற்றுக்குள் போகாதிருந்தால் அந்தப் பத்துப் பேரும் தப்பியிருப்பார்கள் அன்றோ?

இது மேனாட்டுச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், எச்.எல்.ஏ. டி.ஆர்.2 என்னும் கூறுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 1991இல் வெளியிட்டனர். அதற்காகக் காசநோய்க் கிருமியை விட்டுவிட்டுக் குலத்தையா விரட்டுகிறோம்?

என் தந்தை மில் தொழிலாளி. எங்கள் தெருவில் மூட்டு வீங்கினால் "வாயு" என்பார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போவார்கள். போன மாதம் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று அவர்களைக் கேட்பார் இல்லை. உரிய மருத்துவம் செய்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், மிஞ்சிப்போனால் ஓராண்டில் இது தணிந்துவிடும்.

ஆடிப்பூரத் தேரோட்டத்திற்குத் திரளும் கூட்டம் குடிக்கும் தண்ணீரில் குளோரின் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க, நம் வேதியியல் ஆய்வகத்திலிருந்து நான்கு மாணவர் போதும். வருகிற ஆடிக்கு நான் தயார். இன்னும் மூவர் வேண்டும்.