பாட்டன் களைந்ததைப் பேரன் அணிவதா?

ஒரு நாட்டு மக்கள் எதனைப் பெருமையெனக் கொள்கின்றனர், எதற்கு நாணுகின்றனர் என்பதைக் கொண்டே அந்நாட்டின் குமுகாய விழுமியங்களை அளந்தறிதல் கூடும். அப்பெருமையும் நாணமும் தலைமுறைதோறும் ஒரே நிலையில் நிற்பன அல்ல. வளரவும் செய்யும், தேயவும் செய்யும். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே கண்கூடான சான்றொன்று உண்டு. பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப்பட்டத்தின் வரலாறே அது.

நூறாண்டுகட்கு முன்னர்ப் பட்டமுடையார் அதனைப் பெருமையாகவே சுமந்தனர். ஒடுக்கப்பட்டோரோ தம் இயற்பெயராலும் மதிப்புடன் விளிக்கப்பெற்றாரல்லர். அந்நிலையில்தான், 1927ஆம் ஆண்டின் இறுதியில், பெரியார் ஈ.வெ.இரா. தம் பெயரினின்று பட்டத்தை நீக்கினார். 1929இல் செங்கற்பட்டில், சவுந்தரபாண்டியனார் தலைமையிற் கூடிய முதல் தன்மான மாநாடு, சாதிப்பட்டங்களை மக்கள் விட்டொழிக்க வேண்டும் என்று முடிவு செய்தது.

அஃது அன்று எளிய செயலன்று. எம் பாட்டனார் தம் பெயரின் வாலை வெட்டியபோது, பங்காளிகள் வீட்டுத் திருமணத்தில் அவருக்குப் பந்தியில் இலை போடாமல் விட்டனர் என்று எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பசியோடு திரும்பிய அவர், அதன்பின்னும் பட்டத்தைச் சேர்த்து எழுதினாரல்லர்.

எம் தந்தையார் காலத்தில் அத்தொல்லை இல்லை. பட்டமின்றி எழுதுவதே நாட்டு வழக்காயிற்று. வடபுலத்தார் பலர் இன்றளவும் குலப்பெயரை ஈற்றிற் சுமந்திருக்க, தமிழன் தன் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிமிர்ந்து நின்றான். திருமண முறையிலும் இவ்வாறே மாற்றம் நிகழ்ந்தது. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பார்ப்பனப் புரோகிதரின்றி நடந்த தன்மானத் திருமணத்தைப் பலர் எள்ளினர். 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு அத்தகைய திருமணங்கட்குச் சட்ட ஏற்பளித்தது. ஒரு தலைமுறையின் கலகம் மறு தலைமுறையின் சட்டமாயிற்று.

இவ்வளவில் கதை முடிந்ததென்று நாம் நிறைவுகொண்டோம். முடியவில்லை.

சென்ற ஆண்டு எம் வகுப்பில், பன்னிரண்டு அகவைச் சிறுவன் ஒருவன் மணிக்கட்டில் இருநிறக் கயிறு கண்டோம். “கோயிற் கயிறா, தம்பி?” என்றோம். “இல்லைங்க ஐயா, எங்க ஆளுங்க கயிறு” என்றான். “யார் கட்டிவிட்டது?” “தெருவில அண்ணனுங்க.” பாட்டனார் பெயரைக் கேட்டோம், பட்டமின்றியே சொன்னான். அக்குடும்பத்தில் எவரோ ஒருவர், என்றோ ஒருநாள், துணிந்து அப்பட்டத்தைக் களைந்திருக்கின்றார். யார், எதற்காக என்பது அவனுக்குத் தெரியாது. எவரும் அவனுக்குச் சொன்னதில்லை.

கயிறுதானே என்று தள்ளிவிடலாகாது. 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த பள்ளி மாணவர் ஒருவரை உடன்பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். அதன்பின் அரசு அமைத்த ஒருவர் குழுவாகிய உயர் வழக்குமன்ற ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு அவர்கள், மாணவர் சாதியைக் காட்டும் நிறக்கயிறுகளை அணியலாகாதென 2024இல் பரிந்துரைத்தார். நன்று. ஆயினும், கயிற்றை ஆணை அறுக்கும். கட்டத் தூண்டிய எண்ணத்தை ஆணை அறுக்குமா? சாதி மோதல்களால் 1997இல் மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்களையெல்லாம் நீக்கினோம். பெயர்ப்பலகைகள் மாறின, நெஞ்சங்கள் மாறினவா?

எங்கே தவறினோம்? விழுமியம் குருதிவழி வருவதன்று. தமிழ்க்குழந்தையும் தமிழைக் கேட்டுத்தான் கற்க வேண்டியிருக்கின்றது. சமன்மையும் அவ்வாறே கற்பிக்கப்பட வேண்டியது. முதல் தலைமுறை பட்டத்தை ஏன் விடுகின்றோம் என்று தெரிந்து விட்டது. அடுத்தது வழக்கமென்று விட்டது. நாமோ, பிள்ளைகளிடம் சாதியைப் பற்றிப் பேசாதிருப்பதே போதுமென்று வாளா இருந்தோம். நாம் பேசாத இடத்தில் தெருவும் கைப்பேசியும் பேசின.

வாளா இருந்ததோடும் அமைந்தோமில்லை. பெயரில் விட்டதைப் பெண்ணெடுப்பதிலும் கொடுப்பதிலும் கட்டிக் காத்தோம். ‘மணமகள் தேவை’ என்னும் விளம்பரங்களைப் பிள்ளைகள் படிக்காமலா இருக்கின்றனர்? ஆசிரியராகிய யாமும் குற்றமற்றவரல்லேம். புதிய மாணவனிடம், “எந்த ஊர்?” என்பதோடு நில்லாமல், “எந்தத் தெரு?” என்று கேட்கும் ஆசிரியர் எத்துணையர்! அவ்வினாவின் உட்பொருள் மாணவனுக்கு நன்றாகவே தெரியும்.

தமிழ்நெஞ்சீர்! நும் குடும்பத்தில் பட்டத்தை முதலிற் களைந்தவர் யார், அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பதைப் பிள்ளைகட்கு இன்றே சொல்லுங்கள். தெருவைக் கேட்கும் வழக்கத்தை ஆசிரியர் விடுக. சாதி கடந்து மணம்புரிய முன்வரும் மகனையும் மகளையும் பெற்றோர் வாழ்த்தி வாயிலைத் திறந்து வைக்க.

அச்சிறுவனிடம் எம் பாட்டனாரின் இலையில்லாப் பந்தியின் கதையைச் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவன் கையிற் கயிறு இருந்தது. ஒரு திங்கள் கழிந்தபின் இல்லை. தானே கழற்றினானா, ஆணைக்கு அஞ்சிக் கழற்றினானா என்று யாம் கேட்கவில்லை. ஆனால், அவன் வகுப்பில் மற்றும் நால்வர் கைகளில் அஃது இன்னும் இருக்கின்றது. அவர்கட்கும் சொல்ல வேண்டும்.