மரக்காலைக் கையில் கொடுங்கள்

குஜராத்தின் அகமதாபாத்தில் 2013-இல் 'கான்ஃப்ளிக்டோரியம்' என்ற அருங்காட்சியகத்தை அவ்னி சேத்தி தொடங்கினார். சாதி, மத மோதல்களைப் பேசும் இடம் அது. ஓர் அறையில் வெறும் கண்ணாடி ஜாடிகள். வருகிறவர்கள் மனத்தை அறுக்கும் நினைவை அதில் விட்டுச் செல்லலாம். இன்னோர் இடத்தில் ஒரு மரம். மன்னிப்புக் கேட்க நினைப்பவர் அதை எழுதிக் கட்டலாம். ஓடிக்கொண்டே பார்த்துவிட்டு வரமுடியாது. நின்று யோசித்தாக வேண்டும்.

தஞ்சைக்கும் அப்படியொன்று வேண்டும் என்கிறோம்.

அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இருக்கட்டும், பெருமைதான். ஆனால், இந்த மண்ணில் நெல் விளைவித்த கைகள் பிடித்த பொருள்களுக்கு இடம் எங்கே?

மரக்காலையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பாட்டன், பாட்டிக்குக் கூலி நெல்லாகத்தான் வந்தது. அதை அளந்த மரக்காலிலும் வஞ்சனை இருந்தது. 1940-களில் பி.சீனிவாசராவ் வழிநடத்திய விவசாயிகள் சங்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்தது. முத்திரை மரக்காலில் அளக்கவும் கேட்டது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியிலும் நெல் கூலிப் போராட்டம் இருந்தது.

அந்த மரக்காலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினால் அது வெறும் பழம்பொருள். முத்திரை மரக்கால் ஒன்று, அளவு குறைந்தது ஒன்று, பக்கத்தில் நெல் கொஞ்சம் வையுங்கள். மாணவர்கள் இரண்டாலும் ஆறாறு முறை அளந்து கொட்டிப் பார்க்கட்டும். இரண்டு குவியலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வீட்டுக்கு எத்தனை வேளைக் கஞ்சி என்று கணக்குப் போடட்டும். பாடப்புத்தகம் சொல்லாததைக் கை சொல்லும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கொட்டாங்குச்சியில் குடித்த அவமானத்தை எங்கள் பிள்ளைகள் மறுபடி நடித்துக்காட்டும் வேடிக்கை வேண்டாம். குறிப்பு அட்டையை எங்கள் பெரியவர்கள் சொல்ல, எங்கள் பிள்ளைகள் எழுத வேண்டும். மன்னிப்பு எழுத வேண்டியவர்கள் ஊர்த்தெருவிலிருந்து வரட்டும்.

தம்பி, தங்கைகளே, கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பரணில் கிடக்கும் மரக்காலைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 14 அன்று தெருப் படிப்பகத்தில் கொண்டுவந்து வையுங்கள். தாத்தாவையும் ஆத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் அதைக் கையிலெடுத்துப் பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.