பெரிய டாக்டருக்கு முன்னால்

பாலகாட் என்றதும் வடக்கே வாழும் தமிழர்களுக்கு மத்தியப் பிரதேசத்து மாவட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு கோலார் தங்கவயலின் பாலகாட் பற்றியது. சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க், உரிகம் என்ற சுரங்கப் பெயர்களின் வரிசையில் அதுவும் ஒன்று. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கமிருந்தும் வந்தவர்களின் பேரன்கள் இன்னும் அந்த லைன் வீடுகளில் இருக்கிறார்கள். தங்கம்தான் இல்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. கடைசி ஷிப்ட் முடித்து மேலே ஏறி வந்தவர்களில் பலருக்கு இப்போது 70 வயது தாண்டிவிட்டது.

மூடுவிழாவில் போனவை சம்பளமும் கேன்டீனும் மட்டுமல்ல. அதிகம் பேசப்படாத ஒன்றும் போனது. சுரங்க விதிகளின்படி தொழிலாளியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தாக வேண்டும். அதற்கென்று உள்ள படிவத்தில் கண்ணுக்கும் இடம் உண்டு: தூரப் பார்வை எவ்வளவு, மாலைக்கண் உண்டா, மாறுகண் உண்டா, கண்ணில் வேறு நோய் உண்டா. இந்தப் பரிசோதனையைப் பெரிதாகப் புகழ வேண்டியதில்லை. ஆள் வேலைக்குத் தகுதியா என்று பார்ப்பதே அதன் நோக்கம், அவன் கண்ணைக் காப்பாற்றுவது அல்ல. ஆனாலும் புகார் சொல்லாத மனிதனின் கண்ணையும் யாரோ ஒருவர் பார்த்தார். இன்று புகார் வந்தால்தான் கண் டாக்டர் ஞாபகம் வருகிறது.

புகார் வந்ததும் என்ன நடக்கிறது? ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். மகன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். மாரிகுப்பத்திலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போய்வருகிறார்கள். அப்பாவுக்குக் கண் மங்குகிறது. முதலில் பஜாரில் 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்' என்ற போர்டு போட்ட கடையில் ஒரு கண்ணாடி. மூன்று மாதத்தில் அதுவும் சரிப்படவில்லை. "வா நைனா, பெங்களூர்ல பெரிய டாக்டரையே பாத்துடலாம்" என்கிறான் மகன். ஒரு நாள் லீவு, ரயில், ஆட்டோ, அரைநாள் காத்திருப்பு. கடைசியில் அந்தப் பெரிய டாக்டர் விழித்திரை நிபுணர். அப்பாவுக்கு வந்திருப்பதோ வெறும் புரை. இன்னொரு நாள், இன்னொரு லீவு.

மகன் மீது குற்றமில்லை. கண் வைத்தியம் இன்று அவ்வளவு கிளை விட்டிருக்கிறது. கருவிழிக்கு ஒருவர், விழித்திரைக்கு ஒருவர், கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு ஒருவர், மாறுகண்ணுக்கு ஒருவர், இமைக்குக்கூட ஒருவர். நிபுணர் தன் பகுதியை ஆழமாகப் பார்ப்பார். எந்தப் பகுதி என்று முடிவு செய்வது நோயாளியின் வேலையாக இருக்கக்கூடாது. மங்கல் என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பவர் மாற்றம், புரை, கிளாக்கோமா, சர்க்கரை நோயால் வந்த விழித்திரைக் கசிவு என்று எதுவும் இருக்கலாம். சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். சர்க்கரை ஏறியிறங்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பி பவரே மாறிவிடும். அந்த நேரத்தில் செய்த கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் உதவாது. கடைக்கார கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அந்த இயந்திரம் ஏறத்தாழ ஒரு பவரைச் சொல்லும், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் வேண்டியது முழுக் கண் பரிசோதனை. பொதுக் கண் மருத்துவர் ஒருவர் போதும். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது அதில் ஒரு பகுதிதான். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்க்க வேண்டும். ஒரு கண் போனதே தெரியாமல் மறு கண்ணால் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஸ்லிட் லேம்ப் என்ற உருப்பெருக்கியில் கருவிழியையும் லென்ஸையும் பார்க்க வேண்டும். கண்ணின் அழுத்தத்தை அளக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் காரியம்தான் அவசரத்தில் விட்டுப்போகிறது. மருந்து வேலை செய்யக் காத்திருக்க வேண்டும், கூட்டமோ வாசல்வரை நிற்கிறது.

இதையெல்லாம்விட முக்கியம், கருவியே தேவைப்படாத ஒன்று: விசாரிப்பது. தங்கவயல்காரர்களிடம் விசாரிக்க நிறைய இருக்கிறது. வெடி வைத்த இடத்தில் கல் தெறித்து எப்போதாவது கண்ணில் அடிபட்டதா? "அது எந்தக் காலத்துலயோ சாமி" என்று பெரியவர் சிரிக்கலாம். அந்த அடி, கண்ணிலுள்ள நீர் வடியும் மூலையைக் கிழித்திருந்தால், பத்து இருபது ஆண்டு கழித்தும் அந்தக் கண்ணில் மட்டும் அழுத்தம் ஏறலாம். இரும்புத் துணுக்கு உள்ளே தங்கியிருந்தால் அது மெல்ல விழித்திரையைக் கெடுக்கும். முதுகுவலிக்கோ தலைவலிக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் அந்த இயந்திரத்தின் காந்தம் துணுக்கை அசைத்து ஆபத்தாகிவிடும். சுத்தியலும் உளியும் பிடித்த எவரும் ஸ்கேன் அறையில் இதைச் சொல்ல வேண்டும்.

நெஞ்சுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ், இந்தியாவில் முதலில் பதிவானது 1934இல் இதே கோலார் தங்கவயலில்தான். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். காசநோய்க்குத் தரும் மருந்துகளில் ஒன்றான எத்தாம்பியூட்டால், சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் குழம்புவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. நேரத்தில் கண்டு மருந்தை மாற்றினால் பெரும்பாலும் பார்வை மீளும். அதற்கு, மருந்து தொடங்கும்முன் கண் எப்படி இருந்தது என்ற குறிப்பு வேண்டும். இதற்காகப் பயந்து காசநோய் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக்கூடாது. மாற்றுவது டாக்டரின் வேலை.

மூச்சிரைப்புக்கு நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புரையும் கண் அழுத்தமும் வரக்கூடும். சிறுநீர் தடைப்படுவதற்கு டாம்சுலோசின் சாப்பிடும் பெரியவர்கள் இங்கே ஏராளம். புரை அறுவையின் நடுவில் அந்த மாத்திரை கண்ணின் கருந்திரையைத் துவளச் செய்து தொல்லை தரும் என்பது 2005இல்தான் மருத்துவ இதழ்களில் வந்தது. முன்கூட்டித் தெரிந்தால் சர்ஜன் அதற்குத் தயாராக இருப்பார். சில ரூபாய் மாத்திரைச் சீட்டு ஒன்று அறுவை அறைவரை பேசுகிறது பாருங்கள்.

புகாரே இல்லாத நோய்தான் எல்லாவற்றிலும் மோசம். கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே வந்து நடுவை மட்டும் கடைசிவரை விட்டுவைக்கும். பலகையில் கடைசி வரியைப் படிப்பவருக்கும் அது இருக்கலாம். தென் தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டது. அதிகம் காணப்படும் வகைக் கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை அப்படியொரு நோய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போயிருந்தது. போனது திரும்பாது. சொட்டு மருந்தாலோ அறுவையாலோ மிச்சத்தைக் காக்கத்தான் முடியும். அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நல்லது என்று அனுப்புவதும் போதாது. அழுத்தம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு அழிபவர்கள் உண்டு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த நோய் என்றால் 40 தாண்டிய பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் வரிசையில் நிற்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பார்வை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் பெங்களூர் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கோலாரில் மாவட்ட அரசு மருத்துவமனை இருக்கிறது. பக்கத்திலேயே டமக்காவில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே முழுப் பரிசோதனை முடித்து, அளவுகளும் முடிவும் எழுதிய தாளோடு போனால், பெங்களூர் மின்டோவில் ஆனாலும் தனியார் மருத்துவமனையில் ஆனாலும் எந்த வரிசையில் நிற்பது என்பது முதலிலேயே தெளிவாகும். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் பார்க்கும்போது நோய் நகர்ந்ததா நின்றதா என்று ஒப்பிட அந்தத் தாளைவிட்டால் வேறு வழியில்லை. நம் வீடுகளில் ரேஷன் கார்டுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைப்பதில்லை.

காத்திருக்கக்கூடாத சமயங்களும் உண்டு. திடீரென்று பார்வை போனால், மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்து ஓரத்திலிருந்து திரை இறங்கினால், கண் சிவந்து கடும் வலியோடு வாந்தி வந்தால், அடிபட்டால், ஆசிட்டோ சுண்ணாம்போ தெறித்தால் இந்த வரிசை முறையெல்லாம் வேண்டாம். ஆசிட்டும் சுண்ணாம்பும் என்றால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேராக அவசரப் பிரிவு.

மற்ற நாட்களில் பரிசோதனைக்குப் போகும்போது பழைய கண்ணாடி, பழைய சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, கடைசியாகச் செய்த சர்க்கரைப் பரிசோதனை ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூட ஒருவர் வரட்டும். பாப்பா விரிக்கும் மருந்து போட்டபின் சில மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது, வண்டி ஓட்டக்கூடாது. ஒரு தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போதும். மாரிகுப்பம் ரயிலில் திரும்புகிறவர்கள் ஸ்டேஷன் பெயரை அடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் பெயர்ப் பலகை தானாகவே தெளிந்துவிடும்.