தாத்தாவோட வெள்ளைக்காரன்

எங்க வீட்டுல ஒரு வெள்ளைக்காரர் இருக்கார். வயசு அம்பதைத் தாண்டியாச்சு. இருதய மாற்று ஆபரேஷன் முடிஞ்சே முப்பது வருஷம் ஆகுது. இன்னமும் ரெண்டு மூட்டை ஏலக்காயை ஏத்திவிட்டா அலுங்காம மலை இறங்கி வந்துருவார். 1971-ம் வருஷத்து அம்பாசிடர் மார்க் 2. தாத்தா 1986-ல் செகண்ட் ஹேண்டா வாங்கினது.

அம்பாசிடர் எப்படிய்யா வெள்ளைக்காரன்னு கேக்குறீங்களா? இங்கிலாந்துல 1950-கள்ல ஓடின மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது வரிசைக் காரைத்தான், இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி வங்காளத்துல உத்தர்பாராவுல அம்பாசிடர்னு பேர் வச்சு செஞ்சுது. ஊர்க்காரங்க அந்த மாடலை மறந்த பிறகும் நாம விடல. 2014 மே மாசம் வரைக்கும் செஞ்சோம். அப்புறம் 2017-ல் அந்தப் பேரை மட்டும் 80 கோடிக்கு பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனிக்கு வித்துட்டாங்க. ஒரு பேருக்கு 80 கோடி! நம்ம பேருக்கு யாராச்சும் எட்டு ரூபா குடுப்பாங்களா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் எங்க வண்டியோட ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். அப்பா "பழைய இரும்புக்குப் போட்டுருவோம்"கிறார். சித்தப்பா "அது வின்டேஜ் காருண்ணே, பதிஞ்சு வச்சுக்குவோம்"கிறார். தாத்தா ஒண்ணும் சொல்லல. திண்ணையில உக்காந்து வண்டியையே பாத்துக்கிட்டு இருக்கார். வீட்டுல பி.காம். படிக்கிறவன் நான் ஒருத்தன்தான்கிறதால கணக்குப் பாக்குற வேலை என் தலையில விழுந்துச்சு.

முதல்ல சித்தப்பா சொன்னதைப் பாத்தேன். மத்திய அரசு 2021 ஜூலையில வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கணும். புதுசாப் பதிய 20,000 ரூபா. நம்பர்ல 'வி.ஏ.'ங்கிற எழுத்து வரும். ஆஹா, நம்மாளு பாஸ்னு நினைச்சு அடுத்த வரியைப் படிச்சா, வண்டி அசல் வடிவத்துல இருக்கணுமாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாதாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் எடுக்கவும் கூடாதாம். போச்சு!

ஏன்னா எங்க வண்டியில மாத்தாத இடமே இல்ல. போடியிலிருந்து போடிமெட்டு போறவங்களுக்குத் தெரியும். முந்தல் தாண்டினா 17 கொண்டை ஊசி வளைவு. தாத்தா பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பாதி மலையில கொதிச்சுரும். பின்சீட்டுல எப்பவும் ரெண்டு குடம் தண்ணி இருக்கும். பெட்ரோல் செலவோ ஏலக்காய் விலையை முழுங்கிரும். 1995-ல் தாத்தா மேட்டடார் வேனோட டீசல் இன்ஜினை வாங்கி இதுல ஏத்திட்டார். ஆர்.சி.யிலயும் முறைப்படி டீசல்னு மாத்தி எழுதி வாங்கியாச்சு. ஸ்டியரிங் பக்கத்துல இருந்த கியர் தரைக்கு இறங்குச்சு. மூட்டை பாரத்துக்காக பின் பட்டையில ரெண்டு பிளேட் கூடுச்சு. பெரிய ரேடியேட்டர், பிரேக்குக்கு பூஸ்டர்னு ஒவ்வொண்ணா வந்துச்சு.

நான் சின்னப் பையனா இருக்கும்போது ஞாயித்துக்கிழமையானா ராசிங்காபுரத்துல எங்க வீட்டு வாசல்ல ஒரே டீசல் வாசமும் கிரீஸ் வாசமும்தான். மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு "தம்பி, பதினாலு-பதினஞ்சு ஸ்பானரை எடு"ம்பார். நான் பதினொண்ணு-பன்னெண்டை நீட்டுவேன். திட்டு விழும். எண்களைப் பாத்துப் பொருத்துற பழக்கம் எனக்கு அங்கதான் வந்துச்சு, அக்கவுண்டன்சி வகுப்புல இல்ல.

இப்போ என் கேள்வி இதுதான். அந்த மாற்றங்களைச் செய்யாம விட்டிருந்தா இந்த வண்டி இன்னிக்கு இருந்திருக்குமா? இருந்திருக்காது. தொண்ணூறுகள்லயே காயலான் கடைக்குப் போயிருக்கும். மாத்தினதுனாலதான் பிழைச்சுது. ஆனா சட்டம், மாத்தினதுனாலயே இது பாரம்பரியம் இல்லைன்னு சொல்லுது.

ஒரு வண்டியை மாத்தாம 50 வருஷம் வச்சிருக்க யாரால முடியும்? கொட்டகையும் டிரைவரும் மாத்து வண்டியும் இருக்குறவங்களால முடியும். கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கேன். பளபளன்னு நிக்கிற பழைய கார்களைப் பாத்து வாயைப் பொளந்திருக்கேன். அதைக் காப்பாத்துறவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும், சந்தேகமே இல்ல. ஆனா உழைச்ச வண்டிக்கும் ஒரு வரலாறு இருக்கு. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்லிருந்து சந்தக்ஃபூ மலைக்கு ஆளை ஏத்திப் போன இங்கிலாந்து லேண்ட் ரோவர்கள்ல பலதுக்கு உள்ள மஹிந்திரா டீசல் இன்ஜின்தான். இங்கிலாந்து ட்ரையம்ப் ஹெரால்டை நம்ம சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செஞ்சப்போ, நம்ம குடும்பங்களுக்கு வசதியா நாலு கதவு வச்சாங்க. கம்பெனி செஞ்சா புது மாடல், தாத்தா செஞ்சா குத்தமா?

இன்னொண்ணு யோசிங்க. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனத்தோட ஹைட்ராலிக் பிரேக் மாட்டியிருக்காங்க. அதனால அது பழைய தேர் இல்லைன்னு யாராச்சும் சொல்வாங்களா? தேர் ஓடணும், ஓடினாத்தான் தேர்.

இதுக்கு எதிர்க்கட்சியும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். கண்டபடி மாத்தின வண்டி மலையில ஆளைக் கொன்னுடும். ஜீப்புல அளவுக்கு மீறி தோட்ட வேலைக்கு ஆளேத்திப் போறதை தினமும் பாக்குறவன் நான். கம்பெனி குடுத்த வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுல நியாயம் இருக்கு. பழைய டீசல் புகை விடுதுன்னாலும் ஒத்துக்கிறேன். அதனால எல்லாத்தையும் விட்டுருங்கன்னு நான் சொல்லல. எப்பவோ ஆர்.சி.யில முறையா ஏத்தின மாற்றமா, பிரேக் பிடிக்குதா, புகை அளவுக்குள்ள இருக்கா, இதைச் சோதிச்சு, 50 வயசு தாண்டின உழைப்பாளி வண்டிக்கும் ஒரு தனி வகை குடுங்கன்னுதான் கேக்குறேன். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான்னு வரம்பு வைங்க, சம்மதம்.

கடைசியா கணக்கு. சாதாரணமாப் புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன்னாடி 600 ரூபா, அப்புறம் 5,000. 20 வயசு தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்லிருந்து 10,000. அப்பா சொல்றபடி பாத்தா வண்டி நஷ்டம்தான். ஆனா தேய்மானப் பாடத்துல ஒரு விஷயம் வரும். நேர்கோட்டு முறையில சொத்தோட மதிப்பு ஒருநாள் பூஜ்யத்துக்கு வந்துரும். குறைந்து செல் மதிப்பு முறையில குறைஞ்சுக்கிட்டே போகும், ஆனா பூஜ்யமே ஆகாது. இதுநாள் வரை பரீட்சைக்குத்தான் இதை மனப்பாடம் பண்ணினேன்.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப அந்தப் பத்தாயிரத்தை நீ கட்டு"ன்னார். டியூஷன் எடுத்துச் சேத்த காசு ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கு. மிச்சத்தை சித்தப்பாகிட்ட கேக்கணும். திண்ணையில இருந்து தாத்தா இதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில பாத்தா, வண்டியோட முன்கண்ணாடியைத் துடைச்சு வச்சிருந்தார்.