டிராக்டருக்கு ஏற்றும் பாரம்

சக்கரம் வழுக்கினால் பாரத்தை ஏற்று என்பதே நம் செங்கற்பட்டுப் பக்கத்து டிராக்டர் ஓட்டிகளின் வேதவாக்கு. இது புன்செய்க்குச் சரி. நன்செய்க்கும் கடற்கரை மணலுக்கும் கேடு என்பது என் அபிப்பிராயம்.

பின்சக்கரம் மண்ணைப் பற்றினாலன்றிக் கலப்பை நகராது. பற்றாத சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று டீசலையும் டயரையும் தின்றுவிடும். ஆதலின் சக்கரத்தில் இரும்புத் தட்டுகளைப் பூட்டுகின்றனர்; அல்லது ட்யூபில் நீர் அடைக்கின்றனர். இரு பின்டயர்களிலும் வால்வு மட்டம் வரை நீர் நிரப்பினால் பாரம் சுமார் 300 கிலோ கூடும். காய்ந்த நிலத்தில் இது உதவியே.

நிற்க. அதே யந்திரம் அதே பாரத்தோடு மதுராந்தகம் ஏரிப் பாசன வயலில் இறங்கினால் நிகழ்வது யாது? நெல்வயலின் சேற்றுக்கடியில், பன்னெடுங்கால உழவினால் இறுகிய கெட்டித் தளம் ஒன்றுண்டு. நீரைக் கீழே போகவொட்டாமல் தாங்குவது அதுவே. மிகைப்பாரம் அதனை உடைத்துக்கொண்டு அமிழ்கிறது. உடைந்த இடத்தில் நீர் நில்லாது. அடுத்த போகத்திலும் யந்திரம் அங்கேயே புதையும். சேற்றுக்கு வேண்டுவது எடையன்று, அகலம். கேஜ் வீல் பூட்டுவது அதற்காகவே. (அதனைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஓட்டுவோரைப் பற்றி எழுதப் புகுந்தால் இச்சஞ்சிகை போதாது.)

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மணற்பாங்கிலும் பாரம் ஏற ஏறச் சக்கரம் தாழவே செய்யும். அங்கே டயர்க் காற்றை, தயாரிப்பாளர் விதித்த அளவுக்குக் கீழே போகாமல், குறைப்பதே வழி. டயர் பரந்து மண்ணைப் பற்றும். 1932-ல் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் டிராக்டருக்கு ரப்பர் டயர் பூட்டியபோது, குறைந்த காற்றழுத்தமே அதன் விசேஷமாயிருந்தது. சாலையில் டிரைலர் இழுக்குமுன் காற்றை மீண்டும் ஏற்றிக்கொள்ளல் வேண்டும்.

புன்செய்யிலும் பாரத்தின் அளவை அறியச் சுலபமான சோதனை ஒன்றுண்டு. உழுகையில் பின்சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தைக் குறித்துக்கொள்க. பின்பு கலப்பையைத் தூக்கிவிட்டு அதே தூரம் செல்க. எட்டரை முதல் ஒன்பது சுற்றுக்குள் முடிந்தால் பாரம் அளவானது. எட்டுக்குக் குறைந்தால் போதாது. ஒன்பதரையைத் தாண்டினால் மிகை.

ஆயினும் நம் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உழுவிப்பவர். செங்கல் டிரைலர் இழுக்கப் பூட்டிய பாரத்தைக் கழற்ற நேரமாகுமென்று ஓட்டி அப்படியே வயலில் இறக்குகிறார், நஷ்டம் வயலுக்குரியவருக்கு. வரப்பைத் தாண்டுமுன், "டயரில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்க, பணம் கொடுப்பவருக்கு உரிமையில்லையா? ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமம் செல்லும் நம் மாணவர், ஒரு சாக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துச் சென்று இச்சோதனையை வயலிலேயே செய்து காட்டலாம். அரைமணி நேரம் போதும்.